பழைய டீசல் சொகுசுக் கார்: வாங்குமுன் எண்ண வேண்டியவை

மலைநாட்டு மக்களுக்கு மோட்டார் வண்டி வெறும் ஆடம்பரப் பொருளன்று. அரநாயக்கவின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கிடையே வாழும் குடும்பம் ஒன்றில் நள்ளிரவில் ஒருவர் நோயுற்றால், அவரை மாவனெல்லை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வண்டி வேண்டும். 2016 மே 17 ஆம் நாள் சாமசர மலை சரிந்து பெருந்துயர் விளைந்த பின்னர், அடைமழைக் காலத்தில் விரைந்து வெளியேற ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் இப்பகுதி மக்களிடம் எழுவதும் இயல்பே. ஆகவே, ஓய்வுபெறும் ஆசிரியரோ தோட்ட உத்தியோகத்தரோ தம் கைக்குப் பணிக்கொடையோ ஊழியர் சேமலாப நிதியோ வந்ததும் கார் ஒன்றை நாடுவது வியப்பன்று. ஆனால், அந்தப் பணம் வாழ்நாளில் ஒருமுறைதான் வரும். அதனாலேயே இக்கேள்வி ஆழ்ந்த சிந்தனைக்குரியதாகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் பாவனைக்கான கார்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும், அவற்றின் மீதான வரிகள் கடுமையாகவே இருந்தன. இடைப்பட்ட காலத்தில், பழைய சிறிய கார்களும் எட்டாத விலைக்கு உயர்ந்தன. அந்நிலையில், சிறிய கார் ஒன்றின் விலைக்கே, சிலவேளை அதனிலும் குறைவாகவே, நாற்பது ஆண்டு பழைமையான பென்ஸ் டீசல் கார் ஒன்று கிடைக்கும் என்று தரகர் வந்து சொன்னால், மனம் சலனமடையத்தானே செய்யும்?

அக்காருக்குப் புகழ் வீணே வந்ததன்று. மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1936 இல் ‘260 டி’ என்னும் டீசல் காரை வெளியிட்டது. டீசல் இயந்திரம் லொறிக்கே உரியது என்ற எண்ணத்தை மாற்றத் தொடங்கிய கார்களுள் அதுவும் ஒன்று. பின்னர் 1976 இல் வெளிவந்த ‘டபிள்யூ 123’ வரிசை, ஏறத்தாழப் பத்தாண்டுகளில் 27 இலட்சம் வண்டிகளாகப் பெருகியது. அவ்வரிசையின் 240 டி, 300 டி ஆகிய டீசல் கார்கள் ஜெர்மனியில் வாடகைக் கார்களாகப் பல இலட்சம் கிலோமீற்றர் ஓடி, உழைப்புக்குப் பெயர் பெற்றன. எனினும், அப்புகழ் பராமரிக்கப்பட்ட வண்டிக்கே உரியது. நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ கைகள் மாறிய வண்டியில், முன்புறத்து நட்சத்திரச் சின்னம் மட்டுமே பழைய நிலையில் இருக்கவும் கூடும்.

பழைய டீசல் சொகுசுக் கார்களை இருவகையாகப் பிரிக்கலாம். முதல்வகையில் எரிபொருளை அளந்து செலுத்தும் பம்பு முழுவதும் இயந்திர முறையில் இயங்குவது. டபிள்யூ 123 இவ்வகையினது. ஊர்க் கராஜில் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் இதன் பெரும்பாலான குறைகளைக் கழற்றிப் பார்த்துத் தீர்க்கலாம். பம்பை மாத்திரம் அதற்குரிய கருவிகளுள்ள இடத்திற்கு அனுப்ப நேரும். 1997 இலிருந்து கார்களில் இடம்பெறத் தொடங்கிய ‘கொமன் ரெயில்’ முறையோ மற்றையது. அதில் மிகுந்த அழுத்தத்தில் உள்ள டீசலை மின்னணுச் சாதனம் கட்டுப்படுத்துகிறது. வண்டி வேகமும் மென்மையும் உடையது. ஆனால், ஒரு சிறிய உணர்கருவி பழுதானாலும் நின்றுவிடலாம். அதைக் கண்டறியக் கணினி வேண்டும்; பாகத்திற்குக் கொழும்பை நாட வேண்டும். ஆதலின், வயதில் இளையதே சிறந்தது என்னும் பொதுவிதி இங்கே செல்லாது.

டீசல் சிக்கனமானது என்ற நம்பிக்கையையும் கணக்கிட்டே ஏற்க வேண்டும். மாதம் 500 கிலோமீற்றர் ஓடும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெற்றோல் கார் இலீற்றருக்கு 10 கிலோமீற்றரும், டீசல் கார் 12 கிலோமீற்றரும் ஓடுவதாகக் கொண்டால், மாதம் எட்டு இலீற்றர் அளவே மிஞ்சும். ஆண்டுக்கு ஏறக்குறைய 100 இலீற்றர். இலீற்றர் 300 ரூபாய் எனக் கொள்ளினும், ஆண்டு மிச்சம் 30,000 ரூபாய்தான். பம்பும் இன்ஜெக்டர்களும் ஒருமுறை பழுதானால், பல ஆண்டு மிச்சம் அதிலேயே கரைந்துவிடலாம். டீசல் என்றுமே மலிவு என்பதும் உறுதியன்று. 2022 ஒக்டோபரில் 92 ஒக்டேன் பெற்றோல் இலீற்றர் 370 ரூபாயாகக் குறைக்கப்பட்டபோது, டீசல் 415 ரூபாயாக இருந்தது. அன்றியும், அவ்வாண்டு ஆகஸ்ட் வரை மண்ணெண்ணெய் 87 ரூபாய்க்கு விற்கப்பட்டதால், அதை டீசலுடன் கலக்கும் ஆசை சிலருக்கு எழ இடமிருந்தது. மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு. அது பம்பின் நுண்ணிய பாகங்களைத் தேய்க்கும். கார் அக்காலத்தில் எவ்வாறு ஓட்டப்பட்டது என்று விசாரிப்பது அவசியம்.

காரைப் பார்க்கச் செல்பவர், இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் செல்வது நன்று. முன்கூட்டியே சூடேற்றி வைத்த இயந்திரம் தன் குறையை மறைத்துக்கொள்ளும். ஹீற்றர் பிளக் சூடானதும் வண்டி தயக்கமின்றி இயங்க வேண்டும். இயக்கிய பின்னரும் வெண்புகை நெடுநேரம் நீடித்தால், எரிதல் சரியில்லை. நீலப்புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். சுமையில் அடர்ந்து வரும் கரும்புகை, இன்ஜெக்டர் அல்லது காற்று வடிகட்டியின் குறையைக் காட்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தவுடன் புகை விசையோடு பீறிட்டால், சிலிண்டரும் பிஸ்டன் வளையங்களும் தேய்ந்திருக்கக் கூடும். எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து பார்ப்பதற்கு ஆகும் செலவு, பின்வரும் பெருஞ்செலவோடு ஒப்பிடச் சிறிதே. ஈரம் மிகுந்த இப்பகுதியில் துரு இன்னொரு பகை. புதிய வண்ணப்பூச்சில் மயங்காது, தரைத்தகடு, சக்கரவளைவு, பற்றரியின் அடிப்பாகம் ஆகியவற்றைக் கீழிருந்து பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிரேக். பெற்றோல் இயந்திரத்தில் காற்றை மறிக்கும் கதவு ஒன்று உண்டு. அதனால் உண்டாகும் வெற்றிடமே பிரேக்கை மிதிக்கத் துணைநிற்கும். பழைய டீசல் இயந்திரத்தில் அக்கதவு இல்லாமையால், வெற்றிடத்தைத் தனிப் பம்பு ஒன்றே உண்டாக்குகிறது. அது சோர்ந்தால் மிதி கல்லாக இறுகும். அரநாயக்கவிலிருந்து மாவனெல்லைக்கு இறங்கும் வளைவுகளில், ஒன்றேகால் தொன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியில் அவ்வாறு நேர்ந்தால், விளைவை விளக்க வேண்டியதில்லை. சமதரையில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைவது போதாது. கடுகண்ணாவை ஏற்றத்தில் இயந்திரத்தின் சூடு எவ்வளவு ஏறுகிறது, இறக்கத்தில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்த பின்னரே பேரம் பேச வேண்டும்.

பத்திரங்களும் பரிசோதனைக்குரியவையே. பதிவுச் சான்றிதழில் உள்ள இயந்திர இலக்கமும் சட்டக இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பெற்றோல் காராகப் பிறந்து, வேறொரு டீசல் இயந்திரம் பொருத்தப்பட்ட வண்டிகளும் சந்தையில் உண்டு. அம்மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்படாவிட்டால், சிக்கல் வாங்குபவர் தலையில் விழும். நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் சான்றிதழில் இன்னும் நிற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனையில் தேற வேண்டியிருப்பதால், அண்மைய பரிசோதனை அறிக்கையைக் கேட்டுப் பெறுவது தக்கது.

இத்தனையும் பார்த்த பின் எஞ்சுவது ஒரே கேள்வி: இக்காரைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா? விலையைக் கேட்குமுன் அவரைத் தேடிக் கண்டு, வண்டியைக் காட்டி, உடனே செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஆகும் தொகையைக் கேட்டறிய வேண்டும். அத்தொகையை விலையோடு கூட்டினால் வருவதே அக்காரின் உண்மை விலை. அதைக் கொடுத்த பின்னும் வைத்தியச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கையில் பணம் மிஞ்சுமாயின், நன்கு பேணப்பட்ட பழைய டீசல் கார் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும், வாங்கலாம். மிஞ்சாதாயின், நள்ளிரவில் தயங்காது புறப்படும் சிறிய காரே அக்குடும்பத்திற்கு ஏற்றது.