மாமல்லபுரம் முதல் நாகப்பட்டினம் வரை: ஏழு நாள், ஒரே கடல்

மாமல்லபுரத்தில் ஆரம்பிச்சு நாகப்பட்டினம் வரைக்கும் கடற்கரையோரமா சுமார் 250 கிலோமீட்டர். ஒரு வாரம் லீவு இருக்கு, எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். முதல் தடவை நான் பண்ணின தப்பையும் சேர்த்தே சொல்வேன். ஏழு நாளில் பதினஞ்சு இடம் என்று பட்டியல் போட்டு ஓடினேன். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தப்போ எந்தக் கோட்டை எந்த ஊர் என்றே தெரியவில்லை.

அடுத்த தடவை ஒரே ஒரு கேள்வியோடு போனேன்: இத்தனை துறைமுகங்கள் இருந்த கரையில் ஏன் ஒன்றுமே நிலைக்கவில்லை? அதோடு போனால் ஊர்கள் தாமாகவே கோர்த்துக்கொள்ளும்.

பதில் மணல்தான். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவமழையில் மட்டும் திசை மாறும். பழைய துறைமுகங்கள் பெரும்பாலும் ஆற்று முகத்தில் இருந்தவை. முகம் தூர்ந்தால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் வியாபாரி வேறு ஊர் பார்ப்பான்.

முதல் இரண்டு நாள் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலுக்கு விடிகாலையில் போங்க. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் கட்டியது. பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயிலை விட்டுவிடாதீங்க. மறுநாள் தெற்கே சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் கோட்டைக்குள்ளே செதுக்கிய கல்லறைக் கற்கள் இருக்கு. அங்கே கூட்டம் இருக்காது.

மூன்றாம், நான்காம் நாள் புதுச்சேரி. போகிற வழியில் கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை. 1760-ல் ஆங்கிலேயர் இடித்த செங்கல் சுவர்கள் உப்பங்கழி ஓரத்தில் நிற்கின்றன. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. இப்போ பார்க்க மரங்களும் இடிந்த சுவரும்தான். தரையில் ஓடு கிடந்தாலும் எடுக்காதீங்க. அது எங்கே கிடந்தது என்பதும் ஆய்வாளருக்கு ஒரு தடயம்.

அதே ஆற்று முகத்தில்தான் 1980-களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே போகிற மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. வடக்கே நகரத்தின் மணற்கரை அரித்துப் போய், பாறாங்கல் கொட்ட வேண்டி வந்தது. துறைமுக வாயையும் அடிக்கடி தூர்வார வேண்டியிருக்கு. பழைய துறைமுகங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்பதை நம் காலத்திலேயே பார்க்கலாம். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது அந்தக் கற்களைக் கொஞ்சம் நின்று பாருங்க.

ஐந்தாம் நாள் சிதம்பரத்தில் தங்கல். அங்கிருந்து பிச்சாவரம் அலையாத்திக் காடு, வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டை.

ஆறாம் நாள் பூம்புகார் வழியாகத் தரங்கம்பாடி. பூம்புகாரில் ஒண்ணுமே இல்லையேன்னு பலர் ஏமாந்து திரும்புவாங்க. கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையை மனசில் வெச்சுக்கிட்டுப் போனால் அந்த வெறுமையே விஷயமாகத் தெரியும். தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை 1620-ஐச் சேர்ந்தது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு இங்கேதான் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் 1306-ல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. வடக்கே ஆற்று முகத்தை மணல் அடைக்கிறது, இங்கே கடல் கரையைத் தின்கிறது. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கம்.

ஏழாம் நாள் நாகப்பட்டினம், நாகூர் தர்கா. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் இங்கே இருந்தது. அதன் மிச்சமாகச் சொல்லப்பட்ட கோபுரமும் 1867-ல் இடிக்கப்பட்டது. இங்கிருந்து ரயிலில் திரும்பிடலாம்.

சில நடைமுறை விஷயங்கள். ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல மாதங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் புயலும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதால் மீன் கம்மி, விலையும் ஏறியிருக்கும். இடிபாடுகளைக் காலையில் பாருங்க. பதினோரு மணிக்கு மேல் நிழலே கிடையாது.

கடைசியா முக்கியமான ஒன்று: இந்தக் கடல் குளிக்கிற கடல் இல்லை. கரையை ஒட்டியே திடீர்னு ஆழம் விழும், உள்ளிழுக்கும் நீரோட்டமும் இருக்கும். நீச்சல் தெரிஞ்சவங்களும் மாட்டிக்கிறாங்க. கணுக்கால் நனைந்தால் போதும். அதுக்கு மேல் இறங்கணும்னு தோணினா, வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவர் யாரையாவது கேளுங்க. அவர் வேண்டாம்னு சொன்னால் வேண்டாம்தான்.