பாவையிடம் பயிலும் கை



நோயை ஆராயும் வைத்தியருக்கு முதற்றுணை நோயாளியின் வாய்ச்சொல். எங்கே நோகிறது, எப்பொழுது தொடங்கியது என்பதை வளர்ந்தவர் எடுத்துரைப்பார். மூச்சை இழுத்து விடுக என்றால் அவ்வாறே செய்வார். கைக்குழந்தைக்கோ இவ்விரண்டும் இயலா. நோவும் பசியும் அச்சமும் அதனிடத்தே அழுகையாகவே வெளிப்படும். ஆகவே, வைத்தியரின் கண்ணும் செவியும் கையுமே குழந்தையின் சார்பிற் பேசவேண்டியன ஆகின்றன. அக்கை பழகுவது எங்ஙனம்? அது பழகும்வரை அதன் பிழைகளைத் தாங்குபவர் யார்? இக்கேள்விக்கு வைத்தியக் கல்வி கண்ட விடைகளுள் ஒன்றே பாவைப் பயிற்சி.

இது நேற்று முளைத்த எண்ணம் அன்று. பிரான்சு தேசத்திலே து குத்ரே அம்மையார் என்னும் மருத்துவிச்சி, 1759ஆம் ஆண்டிற் பதினைந்தாம் லூயி மன்னரின் ஆணை பெற்று, நாட்டுப்புறங்கள் தோறும் சென்று மகப்பேற்றுக் கலையைப் போதித்தார். எழுத்தறியாப் பெண்களுக்கு ஏட்டறிவு மட்டும் போதாதென உணர்ந்த அவர், துணியாலும் தோலாலும் தாயின் உடற்பகுதியையும் சிசுவையும் ஆக்குவித்து, அவற்றைக் கொண்டு அவர்தம் கைகளுக்குப் பாடஞ் சொன்னார். அப்பாவைகளுள் ஒன்று ரூவான் நகரத்து நூதனசாலையில் இன்றும் உள்ளது. 1960ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு விளையாட்டுப்பொருள் உற்பத்தியாளராகிய ஆஸ்முண்ட் லேர்டால், மூச்சு நின்றவருக்கு வாய்வழியே சுவாசம் ஊட்டும் முறையைக் கற்பிக்கும் பாவையை வெளியிட்டார். 1968இல் மயாமிப் பல்கலைக்கழகத்திலே இருதய நோய்களின் ஒலிகளை எழுப்பும் பாவை அறிமுகமாயிற்று.

இன்றைய குழந்தைப் பாவைகளோ மூச்சு விடும், அழும், அவற்றின் மார்பிலே இருதயத் துடிப்பைக் கேட்கலாம், தலையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்க்கலாம். இவற்றின் பெரும்பயன் யாதெனில், சரியான விடையை ஆசிரியர் முன்னரே அறிந்திருத்தலாம். இரண்டு மாதம் நிறைந்து ஒரு வயது நிறையாத குழந்தை நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு விடுமாயின், அதனை வேகமான சுவாசம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. இருமலோடு வரும் இவ்வேகம் நியூமோனியாவின் அறிகுறியாகலாம். குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதன்று; ஆதலின் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுதல் வேண்டும். பாவையின் சுவாசத்தை 54 என அமைத்துவிட்டு மாணவரை எண்ணச் சொன்னால், 44 என்று கூறியவரின் பிழை அங்கேயே வெளிப்படும்; திருத்தமும் அங்கேயே நிகழும்.

மற்றுமோர் உதாரணம் பார்ப்போம். பிறந்த குழந்தையின் தொடையெலும்பு இடுப்புக் குழியில் உறுதியாகப் பொருந்தியுள்ளதா என அறிய இரு சோதனைகள் உள. ஒன்றை இத்தாலிய வைத்தியர் ஓர்த்தோலானி 1937இலும், மற்றொன்றை ஆங்கிலேய வைத்தியர் பார்லோ 1962இலும் விவரித்தனர். விலகிய எலும்பு குழிக்குள் மீள்வதையோ, தளர்ந்த எலும்பு வெளியே நழுவுவதையோ விரல் நுனி உணரவேண்டும். இக்குறை அரிதாகையால், பயிற்சிக் காலம் முழுவதும் ஒரு மாணவர் அதனைத் தொட்டறியாமலே இருக்கக்கூடும். தவறவிட்டாலோ, பிள்ளை நடக்கத் தொடங்கியபின் நொண்டுவதைக் கண்டே பெற்றோர் அறிவர். அப்பொழுது சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம். ஒரே குழந்தையின் காலைப் பலர் மாறிமாறி அழுத்திப் பழகுதலோ கொடுமை. தளர்ந்த மூட்டுக்குத் தீங்கும் விளையலாம். தளர்ந்த இடுப்புடைய பாவையை நூறு கைகள் தொட்டாலும் அதற்கு நோவதில்லை.

ஆயினும், பாவை குழந்தை ஆகாது. அதற்கு அந்நியரைக் கண்ட அச்சம் இல்லை. ஓடி ஒளிய மடியும் இல்லை. உண்மைக் குழந்தையைத் தாய்மடியிலேயே இருத்தி, அது அமைதியாயிருக்கும்போதே மார்பொலியைக் கேட்டு, அழவைக்கும் தொண்டைப் பரிசோதனையை இறுதிக்கு ஒதுக்கும் பக்குவம் உயிருள்ள குழந்தையிடமே முற்றும். 1963இல் ஹவார்ட் பரோஸ் என்னும் அமெரிக்க வைத்தியர், நோயாளியாக நடிக்கப் பயிற்றப்பட்டவரை மாணவர்முன் அமர்த்தும் முறையைத் தொடங்கினார். கைக்குழந்தையை நடிக்கச் சொல்லல் இயலாது. ஆனால் அதன் தாயாக ஒருவர் நடிக்கலாம். கலங்கிய தாயிடம் வினவும் முறையையும், அவள் சொல்லைப் பொறுமையுடன் செவிமடுக்கும் பண்பையும் மாணவர் இவ்வழியிற் பயில்கின்றனர்.

பாவை வாயிலேயன்றி வீடு அன்று. பாவையிடம் பயின்றவரும் ஒரு நாள் உயிருள்ள குழந்தையைத் தொட்டே ஆகவேண்டும். அந்நாளில் ஆசிரியரின் மேற்பார்வையில், நம் அனுமதி கேட்டு நிற்கும் மாணவருக்கு நாம் இசைவோமாயின், அது நாளைய குழந்தைகளுக்கு நாம் செய்யும் உபகாரமாகும். அம்மாணவரின் கை முன்னரே பழகி வந்திருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பதோ, நம் குழந்தைகளின் சார்பில் நமக்குள்ள உரிமையாகும்.