பெரம்பூருக்கு எத்தனை பருவம்?



நம் வகுப்பில் பாதிப் பேர் கொரியா நாடகம் பார்க்கிறோம். அதில் ஒரு காட்சியில் பூ கொட்டும், இன்னொன்றில் இலை சிவந்திருக்கும், அப்புறம் பனி விழும். அங்கே வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நான்கு பருவம். குளிர் வருவதற்கு முன் குடும்பமே கூடி ஒருவகை முட்டைக்கோஸில் கிம்ச்சி போட்டு வைப்பார்கள். இலையுதிர் காலத்தில் சூசோக் பண்டிகைக்கு எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள், நம் பொங்கல் மாதிரி. இதை எங்கள் ஆயாவிடம் ஆசையாகச் சொன்னேன். "இன்னாம்மே, நமக்கு மட்டும் பருவம் இல்லியா? என்கூட ஒரு வருசம் கூடை தூக்கிப் பாரு, தெரியும்" என்றார். ஆயா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து பெரம்பூரில் விற்பவர்.

தமிழ்ப் புத்தகத்தில் ஆறு பருவம் படித்திருக்கிறோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். அதில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஆனால் நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தானே வருகிறது? காரணம் இதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்கிறது. கேரளா பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு வரும் காற்றில் நமக்கு மிச்சம் கொஞ்சம்தான். அக்டோபரில் காற்று திசை மாறும். வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வடகிழக்கிலிருந்து வரும். சென்னையின் ஒரு வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில் பெய்துவிடும்.

ஆயா கணக்கில் நமக்கும் நாலு பருவம். மழை, பனி, வெயில், தடை.

மழை: முதலில் நிற்பது பயணம். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் 14ஆம் எண் ரயில் பாலம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அங்கே தண்ணீர் ஏறி ரயில்கள் நின்றன. 2024 அக்டோபர் மழையிலும் அந்தப் பகுதியில் தண்ணீர் நின்று சில ரயில்கள் ரத்தாயின. கணேசபுரம் சுரங்கப்பாதையும் பல மழையில் மூடியிருக்கிறது. கடலில் புயல் என்றால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 1 முதல் 11 வரை எண் உண்டு.  "கூண்டு ஏறிச்சின்னா நம்ம கூடை கவுந்துடும்" என்பார் ஆயா. படகு போகாது, மீன் வராது, வியாபாரம் இல்லை.

பனி: மார்கழியில் விடிகாலைக் காற்று குளிர்ந்து தரையோடு தங்கும். அதனால் புகை மேலே போகாது. 2018 போகி அன்று பழையதைக் கொளுத்திய புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைபட்டன. நாம் தெருவில் எரிக்கும் டயர் ஆகாயத்தில் போகிறவரையும் நிறுத்தும்! பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களால் பஸ்ஸும் ரயிலும் நிரம்பி வழிவதும் இந்தப் பருவத்தில்தான்.

வெயில்: மே மாதம் அக்னி நட்சத்திரம். தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைமேல் உள்ள காற்று சூடாகி மேலே போனதும் அந்த இடத்துக்குக் கடல்காற்று வரும். மேற்கிலிருந்து வெப்பக்காற்று பலமாக வீசும் நாளில் கடல்காற்று தாமதமாகும். அன்றைக்குத்தான் நாம் வெந்துபோகிறோம். 2019இல் ஏரிகள் வற்றி, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ரயிலில் மனுஷங்கதான் ஊருக்கு வருவாங்க என்று நினைத்திருந்தேன்.

தடை: இது எந்தப் புத்தகத்திலும் பருவம் என்று போடவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இதுதான் பெரிய பருவம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக, நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் 61 நாள் ஆனது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஃபைபர் படகும் கட்டுமரமும் போகலாம். ஆனால் அதில் வரும் மீன் குறைவு, விலை அதிகம். ஆயாவால் ஏலத்தில் எடுக்க முடியாது. அந்த இரண்டு மாதமும் கருவாடுதான் விற்பார். தடை தப்பு என்று நான் சொல்லவில்லை. குஞ்சு மீனையும் பிடித்துவிட்டால் அடுத்த வருஷம் யாருக்கும் மீன் இருக்காது. ஆயாவே அதைத்தான் சொல்வார்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். பள்ளி திறப்பது ஜூன் தொடக்கத்தில். தடை முடிவது ஜூன் 14. செருப்பு, ஜியோமெட்ரி பாக்ஸ், தையல்கூலி என்று எல்லாச் செலவும் வீட்டில் பணமே இல்லாத நேரத்தில் வருகிறது. போன ஜூனில் நான் முதல் வாரம் வரவில்லை. காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொடுத்தேன். டீச்சர், எனக்குக் காய்ச்சல் இல்லை. ஆயாவோடு கருவாடு விற்க உட்கார்ந்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெட்கம் போய்விட்டது. கொரியாவில் பனி விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். நம் பருவம் பக்கத்து பெஞ்சுக்குக்கூடத் தெரிவதில்லை. கடல் வீட்டுக்குத் தடை, கூலி வீட்டுக்கு மழை, தண்ணீர் இல்லாத தெருவுக்கு வெயில். அதனால் ஒரு வேண்டுகோள். யாராவது நாலு நாள் வராவிட்டால் கேலி பேசாமல், அவர்கள் வீட்டில் இப்போது எந்தப் பருவம் என்று கேளுங்கள். விட்டுப்போன பாடத்தை எழுதிக்கொள்ள உங்கள் நோட்டைக் கொடுங்கள். ஜூன் 15க்குப் பிறகு வந்தால் என் நோட்டும் தயாராக இருக்கும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி