விடுதிக்குள் வேண்டாம், வளாகத்துக்குள் வேண்டும்

ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிற இடங்களிலும் தயாராகும் மின்ஸ்கூட்டர்கள் இன்று தமிழ்நாட்டின் கல்லூரி வளாகங்களுக்குள் சாதாரணமாக வந்து நிற்கின்றன. வாங்கும்போது செலவு அதிகம், ஓட்டும்போது செலவு குறைவு. மாணவர்களின் கைக்கு இந்தக் கணக்கு ஒத்துவருகிறது. வண்டி வந்துவிட்டது, அதை எங்கே நிறுத்துவது, எங்கே சார்ஜ் போடுவது என்ற ஏற்பாடு மட்டும் பல நிறுவனங்களில் வரவில்லை. நிர்வாகங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ஒன்று, கண்டும் காணாமல் இருப்பது. மற்றொன்று, ‘விடுதியில் மின்வாகனங்களுக்கு சார்ஜ் போடுவது தடை செய்யப்பட்டுள்ளது’ என்று அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டிவிட்டுக் கையைக் கழுவுவது. முதலாவது பொறுப்பின்மை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. இரண்டாவதும் ஏறக்குறைய அதே அளவு ஆபத்தானது. மின்ஸ்கூட்டர் பாதுகாப்பில் தலையாய கேள்வி வண்டியை அனுமதிப்பதா வேண்டாமா என்பதல்ல. அது எந்த இடத்தில் சார்ஜ் ஆகிறது என்பதுதான். அந்த இடத்தை நிர்வாகம் காட்டாவிட்டால் மாணவரே ஓர் இடத்தைத் தேடிக்கொள்வார். அது பெரும்பாலும் படிக்கட்டுக்கு அடியிலோ கட்டிலுக்கு அடியிலோதான் இருக்கும்.

பெட்ரோல் வண்டிகளும் எரியத்தானே செய்கின்றன என்று உடனே கேட்பார்கள். எரிகின்றன, மறுக்க முடியாது. ஆனால் பெட்ரோல் வண்டிக்கு எரிபொருள் நிரப்பும் வேலை முழுக்க வீட்டுக்கு வெளியே, பங்கில் நடக்கிறது. அங்கே மணல் வாளி உண்டு, தீயணைப்பான் உண்டு, புகைபிடிக்கத் தடை உண்டு, பக்கத்தில் ஆள் உண்டு. நாம் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் அந்த வேலை நடப்பதில்லை. மின்ஸ்கூட்டர் வந்ததும் எரிபொருள் நிரப்புவது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதுவும் எல்லோரும் உறங்கும் நேரத்தில், யாருடைய கண்ணும் படாமல், மணிக்கணக்காக. மாறியிருப்பது இதுதான். எந்த வகை வண்டி அதிகம் எரிகிறது என்று எண்ணிக்கையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு ஸ்கூட்டர் பேட்டரி என்பது பல சிறு லித்தியம் அயனி செல்களின் கட்டு. ஒவ்வொரு செல்லிலும் நேர், எதிர் முனைகளை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் பிரித்து வைத்திருக்கிறது. தயாரிப்புக் குறை, பலமான அடி, உள்ளே இறங்கிய தண்ணீர், பொருந்தாத சார்ஜர் என ஏதோ ஒன்றால் ஒரு செல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தத் தாள் உருகிவிடும். முனைகள் ஒன்றையொன்று தொடும், சூடு இன்னும் ஏறும், பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும். நிக்கல் கலந்த செல்கள் சிதையும்போது தாமே ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. அதனால் கம்பளி போட்டு மூடியோ, உலர் பொடி அடித்தோ இந்தத் தீயை நம்பி அணைக்க முடியாது. ஏராளமான தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணிக்க வேண்டும். அணைந்தது போலத் தெரிந்த பேட்டரி சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றுவதும் உண்டு. நெருப்பைவிட முந்திக்கொள்வது புகை. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளூரைடும் கலந்த அந்தப் புகை ஒரு சிறிய அறையைச் சில நிமிடங்களிலேயே நிரப்பிவிடும்.

2022 மார்ச்சில் வேலூரில் நடந்தது இதுதான். இரவில் வீட்டில் சார்ஜ் போடப்பட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஒரு தங்கும் விடுதிக் கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த மின்ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பற்றியது. புகை படிக்கட்டு வழியே மேலேறி, மேல் தளங்களில் தங்கியிருந்தவர்களைச் சூழ்ந்துகொண்டது. 8 பேர் இறந்தார்கள். கீழே வண்டிகள், மேலே உறங்கும் மனிதர்கள், இடையில் ஒரே படிக்கட்டு. நம்முடைய கல்லூரி விடுதிகள் பலவற்றின் அமைப்பும் இப்படித்தான். தூண்களுக்கு இடையே வாகனம் நிறுத்தத் தரைத்தளத்தைத் திறந்துவிட்டு, அதற்கு மேல் அறைகளை அடுக்கிய கட்டடங்களைச் சென்னை, கோவைப் புறநகர்களில் எங்கும் பார்க்கலாம்.

மின்சைக்கிள்கள் கோடிக்கணக்கில் ஓடும் சீனா இந்தப் பாடத்தை நமக்கு முன்பே படித்தது. உயரமான கட்டடங்களின் பொது முகப்புகளிலும் தாழ்வாரங்களிலும் படிக்கட்டுகளிலும் அவற்றை நிறுத்துவதையும் சார்ஜ் போடுவதையும் 2021 ஆகஸ்ட் முதல் அங்கே தடை செய்தார்கள். ஆனாலும் 2024 பிப்ரவரியில் நான்ஜிங் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் மின்சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் தொடங்கிய தீ 15 பேரைக் கொன்றது. தாழ்வாரத்திலிருந்து வண்டியை இறக்கினால் மட்டும் போதாது, கட்டடத்தின் அடியிலிருந்தே அதை அப்புறப்படுத்த வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு விபத்து சொல்ல முடியாது. நியூயார்க்கின் கணக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அந்நகரத் தீயணைப்புத் துறையின் பதிவுப்படி லித்தியம் அயனி பேட்டரித் தீ விபத்துகள் 2023-இல் 268, இறந்தவர்கள் 18 பேர். 2024-இல் விபத்துகள் 277. இறந்தவர்களோ 6 பேர். தீயின் எண்ணிக்கை குறையவில்லை, சற்றுக் கூடியே இருக்கிறது. ஆனால் கட்டடங்களுக்கு உள்ளே எரிந்தவை குறைந்து, வெளியே எரிந்தவை பெருகின. தரச்சான்று இல்லாத பேட்டரிகளை விற்கக் கூடாது என்று 2023-இல் வந்த நகரச் சட்டத்துக்கும், ஓயாமல் நடந்த பிரசாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒன்று மட்டும் தெளிவு. எல்லாத் தீயையும் தடுக்க முடியாமல் போனாலும், அது எங்கே எரிகிறது என்பதை மாற்றினால் உயிர்கள் தப்புகின்றன.

வளாகத்தில் அந்த இடம் எப்படி இருக்க வேண்டும்? விடுதிச் சுவரை ஒட்டாமல், வெளியேறும் வழிகளை மறைக்காமல், நாலு பக்கமும் காற்றோட்டமாக ஒரு தகரக் கொட்டகை போதும். கூரை கட்டாயம் வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் மணிக்கணக்காகக் காய்ந்த வண்டியை அப்படியே சார்ஜில் போடுவது பேட்டரிக்கு நல்லதல்ல. பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் செல்லுக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. ஓட்டி வந்த வண்டியையும் அரை மணி நேரமாவது ஆறவிட்ட பிறகே பிளக்கைச் சொருக வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் இதில் நல்ல வழிகாட்டி. சார்ஜ் போடும் சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், நிற்கும் வண்டி சார்ஜிங் முனையிலிருந்து 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும், 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது என்று அவை சொல்கின்றன. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் வளாகங்களை நினைத்துப் பார்த்தால் அந்த 800 மில்லிமீட்டரின் அருமை புரியும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விஷயம் அதைவிட முக்கியம். லேப்டாப்பும் மின்விசிறியும் ஓட்டுவதற்கு வாங்கிய மலிவான பாக்ஸில் ஸ்கூட்டர் சார்ஜரைச் சொருகினால், பேட்டரியில் குறையே இல்லாவிட்டாலும் பாக்ஸ் உருகித் தீப்பிடிக்கலாம். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி எம்.சி.பி., முறையான எர்த், வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி, காய்ந்த சருகு சேராத தரை, பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் ஆகியவையும் இருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

கல்லூரிக்கு ஒரு வசதி இருக்கிறது, வீடுகளுக்கு அது இல்லை. காலை ஒன்பது மணிக்கு வரும் வண்டி மாலை நான்கு வரை அசையாமல் நிற்கிறது. வண்டியோடு தரப்படும் சாதாரண சார்ஜரில் முழு சார்ஜ் ஏறப் பெரும்பாலான ஸ்கூட்டர்களுக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். ஆகவே பகலிலேயே, காவலாளி சுற்றிவரும் நேரத்திலேயே எல்லா வண்டிகளுக்கும் சார்ஜ் ஏற்றிவிடலாம். இரவு பத்து மணிக்குக் கொட்டகையின் மெயினை அணைத்துவிட்டால் தூக்கத்தில் எரியும் அபாயம் பெருமளவு ஒழிகிறது. ‘இரவில் விடுதியில் சார்ஜ் போடாதே’ என்று நிர்வாகம் கண்டிப்பாகச் சொல்லலாம். பகலில் ஒரு சாக்கெட் கொடுத்த பிறகு சொன்னால் அந்தச் சொல்லுக்கு மரியாதையும் இருக்கும்.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் வலுவானது, அடியோடு தடை செய்துவிட்டால் என்ன என்பது. மாணவர் விடுதிகளில் கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் இண்டக்‌ஷன் அடுப்பும் பல ஆண்டுகளாகத் தடை. சோதனை நாளில் அவை எங்கெங்கிருந்து வெளியே வருகின்றன என்று எந்த வார்டனைக் கேட்டாலும் சொல்வார். ஸ்கூட்டரை ஒளிக்க முடியாது, ஆனால் பேட்டரியை ஒளிக்கலாம். கழற்றி எடுக்கும் பேட்டரி உள்ள வண்டிகள் இப்போது பல உண்டு. ஏறக்குறைய பத்து கிலோ எடையுள்ள அந்தப் பெட்டியைப் பைக்குள் போட்டு மூன்றாவது மாடிக்குத் தூக்கிச் செல்வது இருபது வயதுக்காரருக்குப் பெரிய காரியமில்லை. மறைத்துச் சார்ஜ் போடுபவர் கதவைச் சாத்திக்கொள்வார், மேலே துணியைப் போடுவார், பேட்டரி உப்பியிருந்தாலும் யாரிடமும் சொல்லமாட்டார். தடை தீயை ஒழிப்பதில்லை, ஒளித்துவைக்கிறது. பேட்டரியை அறைக்குக் கொண்டுபோவதைத் தடுக்க வேண்டியது அவசியம். அதற்கு முன்னால், பூட்டக்கூடிய சார்ஜிங் அலமாரி ஒன்றைக் கொட்டகையில் வைப்பது அதைவிட அவசியம்.

புதிய வண்டிகள் பாதுகாப்பானவை, இவ்வளவு பயம் எதற்கு என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை. 2022-இன் தொடர் தீ விபத்துகளுக்குப் பிறகு ஒன்றிய அரசு மின்ஸ்கூட்டர் பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ்.-156 தரநிலையைத் திருத்திக் கடுமையாக்கியது. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1-இலும், இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31-இலும் நடைமுறைக்கு வந்தன. செல்களுக்கு இடையே இடைவெளி, வெப்பம் பரவாத அமைப்பு, சார்ஜரில் கூடுதல் பாதுகாப்பு என்று நல்ல மாற்றங்கள். ஆனால் மாணவர் கையில் இருப்பது பெரும்பாலும் அண்ணன் ஓட்டிய வண்டி, இல்லையென்றால் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய மாடல். உள்ளூர்க் கடையில் பேட்டரி மாற்றியது, சார்ஜர் தொலைந்து வேறொன்று வாங்கியது, விழுந்து எழுந்தது எல்லாம் அதன் வரலாற்றில் இருக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி மற்றதைவிட அதிக வெப்பம் தாங்கும் என்பது சரி. அதுவும் கெட்டால் ஹைட்ரஜன் கலந்த எரியும் வாயுவை வெளிவிடும். மூடிய அறையில் அது வெடிக்கலாம். ஆகவே வளாகத்தில் நுழையும் ஒவ்வொரு மின்வண்டிக்கும் மாடல், வாங்கிய ஆண்டு, பேட்டரி வகை, சார்ஜர் அசலா என்பதைப் பதிவு செய்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது தேவையற்ற கெடுபிடியல்ல.

செலவு என்ற ஆட்சேபத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. பொதுவான ஒரு ஸ்கூட்டருக்கு முழு சார்ஜ் மூன்று, நான்கு யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றே வைத்தாலும் 40 ரூபாயைத் தாண்டாது. மீட்டர் வைத்து மாணவரிடமே வசூலிக்கலாம். புதிய கட்டடங்களின் வாகன நிறுத்தத்தில் 20 விழுக்காட்டுக்கு சார்ஜிங் வசதி வேண்டும் என்று மாதிரிக் கட்டட விதிகளை 2019-லேயே ஒன்றிய அரசு திருத்திவிட்டது. இது ஏதோ பணக்காரக் கல்லூரிகளின் ஆடம்பரம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஓட்டுவதைப் பற்றி ஒரு சொல். மின்ஸ்கூட்டர் சத்தமின்றி வருகிறது, ஆக்சிலரேட்டரைத் திருகியதும் பாய்கிறது. காதில் இயர்போனோடு நடக்கும் மாணவர்கள் நிறைந்த பாதையில் இது மோசமான சேர்க்கை. 250 வாட்டுக்குக் குறைந்த, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, 60 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு உரிமமும் பதிவும் தேவையில்லை என்று சட்டம் விட்டுவைத்திருப்பதால், அவற்றுக்கு வேக வரம்பையும் ஹெல்மெட்டையும் வலியுறுத்த வேண்டிய பொறுப்பு வளாக நிர்வாகத்தின் மேலேயே விழுகிறது.

பேட்டரியிலிருந்து புகையோ சீறல் சத்தமோ வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், பக்கத்தில் நின்று வீடியோ எடுக்காதீர்கள். எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டு 101-ஐ அழைத்து, எரிவது மின்வண்டி பேட்டரி என்று சொல்லுங்கள். பிள்ளையைக் கல்லூரி விடுதியில் சேர்க்கப்போகும் பெற்றோர், சாப்பாடு எப்படி, வைஃபை உண்டா என்று விசாரிக்கும்போது, மின்ஸ்கூட்டர்கள் எங்கே சார்ஜ் ஆகின்றன என்றும் கேளுங்கள். ‘இங்கே அதற்கெல்லாம் அனுமதியில்லை’ என்று பதில் வந்தால் அதோடு திருப்திப்பட்டுவிடாமல், விடுதியின் படிக்கட்டுக்கு அடியில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.