ஈயடிச்சான் காப்பியும் எழுபத்திரண்டு மணி நேரமும்



"மச்சான், புரோகிராமைக் குடுடா, பேரை மட்டும் மாத்திக்கிறேன்." நம் லேபில் இதைச் சொல்லாதவனும் இல்லை, கேட்காதவனும் இல்லை. தனியாளாகச் செய்ய வேண்டிய புரோகிராமுக்கு விதி என்ன, மார்க் எப்படிப் போட வேண்டும் என்று நாம் யோசித்ததுண்டா? அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சி.எஸ்.50 என்றொரு அறிமுகப் பாடம் இருக்கிறது. அதன் பாடமும் விதிகளும் உலகத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். நானும் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் படித்தேன். புரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மார்க். நமக்கு அவுட்புட் வந்தால் முடிந்தது கதை. அங்கே பல ஆண்டுகள் நான்கு அம்சங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போட்டார்கள். கேட்டதில் எவ்வளவு முயன்றிருக்கிறோம் என்பது முயற்சி. பிழையில்லாமல் ஓடுகிறதா என்பது சரித்தன்மை. ஒரே மெயினில் எல்லாவற்றையும் கொட்டாமல் ஒழுங்காகக் கட்டியிருக்கிறோமா என்பது அமைப்பு. அடுத்தவன் படித்தால் புரிகிறதா என்பது நடை. வேரியபிள் பெயர், கமென்ட், இன்டென்டேஷன் எல்லாம் இதில் அடக்கம். சரித்தன்மையை 3 ஆலும் அமைப்பை 2 ஆலும் பெருக்கி, நடையைக் கூட்டி, வந்ததை முயற்சியால் பெருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாம் 5 என்றால் 5 × (15 + 10 + 5) = 150. நன்றாக ஓடுகிறது, ஆனால் அமைப்பும் நடையும் 2 தான் என்றால் 5 × (15 + 4 + 2) = 105. அழகாக எழுதி, கேட்டதில் கொஞ்சம்தான் செய்தால்? முயற்சி 2; 2 × 30 = 60 தான்! முயற்சி பண்ணாதவனுக்கு மற்றதெல்லாம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

அடுத்து விதி. நண்பனோடு பேசவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. வழிமுறையை வாயால் பேசலாம். அவன் புரோகிராமில் பிழை எங்கே என்று பார்த்துச் சொல்லலாம். ஆனால் நாம் முடித்துக் கொடுப்பதற்கு முன் அவன் விடையைப் பார்க்கக் கூடாது. அவன் திணறும்போது நம் விடையைக் காட்டுவதும் தப்புதான். வாங்குபவன் மட்டுமல்ல, கொடுப்பவனும் குற்றவாளி!

பெயரை மாற்றினால் தெரியாது என்று நினைக்காதீர்கள். 1994 இல் அலெக்ஸ் ஐக்கன் என்ற பேராசிரியர் 'மாஸ்' என்ற மென்பொருளை உருவாக்கினார். அது வேரியபிள் பெயர், இடைவெளி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, புரோகிராமைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாக மாற்றி, அதில் சிலவற்றைக் கைரேகை போல எடுத்துக்கொள்ளும். இரண்டு பேரின் ரேகை ஒத்துப்போனால் காட்டிக் கொடுக்கும். ஆனால் தீர்ப்புச் சொல்வது மனிதர்தான். ஆசிரியர் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

என் மனதைத் தொட்டது 2014 இல் அவர்கள் கொண்டுவந்த ஒரு விதி. தப்புச் செய்தவன் 72 மணி நேரத்துக்குள் தானே வந்து சொன்னால், அந்த வேலைக்கு மார்க் குறையலாம், பூஜ்யமும் ஆகலாம். ஆனால் மேலிடத்து ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்ப மாட்டார்கள். திரும்பத் திரும்பச் செய்தால் மட்டும் இந்தச் சலுகை இல்லை.

இதைப் படித்தபோது நான் அப்படி ஒருவனாக இருந்தேன். இரண்டாம் ஆண்டு சி லேபில், மார்க் பட்டியலை வரிசைப்படுத்தும் புரோகிராமை நண்பனிடம் வாங்கி அப்படியே அடித்துக் கொடுத்திருந்தேன். இருபதுக்கு பதினெட்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிப்பவன் நான். அன்று ராத்திரி அம்மா கேட்டது: "கம்ப்யூட்டர்ல இன்னிக்கி என்னப்பா செஞ்ச? எனக்கும் சொல்லேன்." சொல்ல ஆரம்பித்தேன், இரண்டாவது லூப் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. "தூக்கம் வருதும்மா" என்று படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சாரிடம் போய்ச் சொன்னேன். "யாருதுடா அது?" என்றார். வாய் திறக்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. அந்தப் பயிற்சிக்குப் பூஜ்யம் போட்டார். பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, பேப்பரில் ஐந்து எண்களை எழுதி, கையாலேயே வரிசைப்படுத்தச் சொன்னார். இரண்டாவது லூப் எதற்கு என்று அன்றுதான் புரிந்தது. அம்மாவுக்கு வெங்காயத்தை அளவு வாரியாக அடுக்கிக் காட்டி விளக்கினேன்!

தோழர்களே, நம் பேரவை மூலம் மூன்று வேண்டுகோள் வைப்போம். என்ன பேசலாம், எதைக் காட்டக் கூடாது என்று லேப் சுவரில் எழுதி ஒட்டட்டும். மார்க்கைப் பிரித்துப் போடட்டும். தப்பை ஒப்புக்கொள்ள மூன்று நாள் கொடுக்கட்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அடுத்தவன் ஏட்டிலிருந்து எடுத்தது வைவாவுக்கும் உதவாது.



— மூன்றாம் ஆண்டு கணினித் துறை மாணவன்