விளையாடுவது யாருடைய உரிமை?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் குட்டீஸ், ஒரு கேள்வி! சாயங்காலம் நீங்க பம்பரம் விடுறது, அம்மா அப்பா போனால் போகட்டும்னு கொடுக்கிற சலுகையா?

இல்லவே இல்லை, அது உங்க உரிமை! 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகளுக்காகவே ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. ஓய்வெடுக்கவும் விளையாடவும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை உண்டுன்னு அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து இந்தியாவும் அதில் சேர்ந்தது. அதனால் பஞ்சாலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும், பால்கோவா கிண்டுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கும், கடல் கடந்த ஜெனீவாப் பிள்ளைக்கும் ஒரே உரிமைதான். பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகளாம். மீசை முளைத்த பத்தாம் வகுப்பு அண்ணனும் சேர்த்திதான்!

"அப்போ வீட்டுப்பாடம் வேண்டாமா?" என்று குதிக்காதீங்க. படிப்பும் அதே உடன்படிக்கையில் உரிமையாக இருக்கிறது. மாட்டிக்கிட்டீங்களா!