பேர் தைத்த தலையணை உறை: வீட்டு மெசினிலேயே செய்யலாம்



கலியாணம், சடங்கு, பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாள் என்றால் வெறுங்கையோடு போக நமக்கு மனம் வராது. கடையில் வாங்கும் கிளாசும் பீங்கானும் பத்துப் பேர் கொண்டு வருவதுதான். மாப்பிள்ளை, பெண் பேர் தைத்த ஒரு சோடித் தலையணை உறை அப்படியல்ல. அது அந்த வீட்டுக்கென்றே செய்தது. இதைத் தைத்து விற்றால் வீட்டுக்கும் நாலு காசு வரும்.

இதற்காகக் கடன் எடுத்து கம்பியூட்டர் எம்பிராய்டரி மெசின் வாங்கலாமா என்று சில அக்காமார் எம்மிடம் கேட்டார்கள். அவசரப்பட வேண்டாம் என்பதே எமது பதில். வீட்டுக்கென விற்கும் சிறிய மெசின்கள் பலவற்றில் 4 அங்குலச் சதுரத்துக்குள்தான் தைக்க முடியும். உள்ளே இருக்கும் எழுத்தும் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் பேர் வேண்டுமென்றால் கம்பியூட்டரில் தனியாகத் தயாரித்து ஏற்ற வேண்டும். கடன் படுத்தும் பாட்டையும் நாம் கண்டோம். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் நுண்கடனில் மூழ்கியதால், அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. மட்டக்களப்பும் அவற்றில் ஒன்று.

அதே மட்டக்களப்பில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ளது நாவற்குடா. அங்கே நாம் போன வீடுகளில் பெண்கள் பழைய மிதி மெசினிலேயே பேர் தைக்கிறார்கள். துணிக்கும் குறைவில்லை. பக்கத்துக் காத்தான்குடியும், தெற்கே மருதமுனையும் கைத்தறிக்குப் பேர்போன ஊர்கள். சிங்கர் கம்பனி 1877 இல் இலங்கைக்கு வந்தது. மிதி மெசின் நமது லயங்களுக்கும் புதிதல்ல. செய்யும் முறை இதுதான்:

1. பேரை எழுதி வாங்குங்கள். வாயால் கேட்டுத் தைக்க வேண்டாம். பேரில் ஒரு எழுத்துப் பிழைத்தால் கந்தோர் கந்தோராக அலையும் பாடு நமக்குத் தெரியும். ல, ள, ழ எது என்று கேட்டு, அவர்கள் கையாலேயே துண்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு காபன் தாள் வைத்துத் துணியில் பதியுங்கள். எழுத்து அரை அங்குலத்துக்குக் குறைந்தால் வளைவுகள் அடைத்துப் போகும்.

2. துணியை வளையத்தில் மாட்டுங்கள். வெளி வட்டத்தைக் கீழே வைத்து, மேலே துணியை நல்ல பக்கம் தெரிய விரித்து, உள் வட்டத்தை அழுத்துங்கள். கைத்தையலுக்கு மாட்டுவதற்கு இது நேர்மாறு. துணி மெசின் தட்டில் படிந்து கிடக்க வேண்டும். அடியில் மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்று வைத்தால் சுருங்காது. தைத்த பின் கிழித்து எடுக்கலாம். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஒட்டும்.

3. மெசினின் பாதத்தைக் கழற்றுங்கள். துணியைத் தள்ளும் பற்களை இறக்குங்கள். இறங்காத மெசினில், ஊசி போக ஓட்டை வைத்த கனமான மட்டையால் மூடலாம். மெல்லிய பருத்திக்கு 11 ஆம் நம்பர் ஊசியும், கொஞ்சம் தடித்த துணிக்கு 14 ஆம் நம்பரும் போடுங்கள்.

4. பாதம் இல்லாவிட்டாலும் அதன் பிடியை இறக்கியே தைக்க வேண்டும். மறந்தால் மேல் நூல் இறுகாமல் அடியில் சிக்கும். அடி நூல் மேலே தெரிந்தால் மேல் நூலைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

5. அடி நூலை மேலே இழுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். கால் ஒரே வேகத்தில் மிதிக்க, கை வளையத்தை மெதுவாக நகர்த்த வேண்டும். முதலில் கோட்டின் மேல் ஒரு தரம் தைத்து, பிறகு பக்கவாட்டில் நெருக்கமாக ஆட்டி நிரப்புங்கள். புள்ளியை ஒரே இடத்தில் சில தையல் போட்டு வையுங்கள். புள்ளி விட்டுப்போனால் பேரே மாறிவிடும். பாதம் இல்லாததால் ஊசிக்குக் காவல் இல்லை; விரலை வளையத்தின் ஓரத்திலேயே வையுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம்.

பழைய துணியில் சில நாள் பழகிய பிறகு நல்ல துணியைத் தொடுங்கள். சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் பாருங்கள். நாவற்குடாவில் உப்புக்காற்று மெசினைத் துருப்பிடிக்க வைக்கும். நமக்குப் பனியும் மழையும். வேலை முடிந்ததும் தூசி துடைத்து, ஒரு சொட்டு மெசின் எண்ணெய் விட்டு மூடி வையுங்கள். தைத்ததை அடுப்புப் புகை படாமல் சுற்றி வையுங்கள்.

விலை சொல்லும்போது பலர் துணிக்கும் நூலுக்கும் மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். உங்கள் நாட்சம்பளத்தை 8 ஆல் வகுத்தால் ஒரு மணித்தியாலத்துக் கூலி தெரியும். சோடிக்கு 3 மணித்தியாலம் போனால் அந்த 3 மணித்தியாலக் கூலியையும் சேருங்கள். மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து செய்தாலும் அதுவும் வேலைதான். சொந்தக்காரருக்குக் குறைத்துக் கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் எவ்வளவு குறைக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.